அயனமண்டலமும் வெப்பமண்டலமும்: ஒரு கலைச்சொல்லின் பிறப்பும் பொருளும்

இலங்கையிலே புவியியலைத் தமிழிற் பயிலும் மாணவர் 'அயனமண்டலம்' என்று எழுதுகின்றனர். அதே பொருளைக் குறிக்கத் தமிழகத்து மாணவர் 'வெப்பமண்டலம்' என்று எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் 'திரொப்பிக்ஸ்' என வழங்கும் ஒரே சொல்லுக்கு ஈடாகவே இவ்விரண்டும் ஆக்கப்பட்டன. ஒருபொருட் பன்மொழி தமிழுக்குப் புதிதன்று. ஆதலால் இரண்டையும் வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை என்று கூறி அமைவோர் பலர். ஆயின் இவை ஒருபொருட் பன்மொழி ஆகா. ஒன்று ஞாயிற்றின் செலவைக் கூறுகின்றது. மற்றையது நிலத்தின் சூட்டைக் கூறுகின்றது. இரண்டும் இருவேறு சிந்தனை மரபுகளிலிருந்து பிறந்தவை. அவற்றை ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கம் பாடநூலளவில் நின்றுவிடுவதுமன்று. இதனைக் கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் சான்றாகக் கொண்டு ஆராய்வது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24, 25 பாகை செல்சியசு அளவினது. அங்கிருந்து தெற்கே மலையேறிச் சென்றால் 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா. அதன் சராசரி 16 பாகையை ஒட்டியது. தை, மாசி மாதத்து விடியலிலே புல்நுனியில் உறைபனி படிவதும் உண்டு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளையிடம் 'நீ வெப்பமண்டலத்தில் வாழ்கின்றாய்' என்று நூல் கூறுமாயின், அப்பிள்ளை நூலை நம்புவதா, தன் உடம்பை நம்புவதா? 'நீ அயனமண்டலத்தில் வாழ்கின்றாய்' என்று கூறினால் இம்முரண் எழாது. ஏனெனில் நுவரெலியா எவ்வளவு குளிர்ந்தாலும் அதன் உச்சிக்கு நேரே ஞாயிறு ஆண்டில் இருமுறை வந்தே தீரும்.

'திரொப்பிக்' என்பதன் மூலம் கிரேக்க மொழியில் உள்ளது. 'திரொப்பே' என்றால் திரும்புதல். ஞாயிறு வடக்கே சென்று ஓர் எல்லையிற் நின்று திரும்புகின்றது. தெற்கே சென்று மற்றோர் எல்லையிற் நின்று திரும்புகின்றது. அவ்வாறு திரும்பும் இடங்களைக் குறிக்கும் கோடுகளுக்கே அப்பெயர் முதலில் உரியதாயிற்று. நில நடுக்கோட்டிற்கு வடக்கிலும் தெற்கிலும் 23½ பாகையளவில் வரையப்படும் கடகக்கோடு, மகரக்கோடு என்பன அவை. பின்னர் அக்கோடுகளின் பெயர் அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்திற்கு ஆகிவந்தது. எல்லையின் பெயர் எல்லைக்குட்பட்டதனைக் குறித்தமையால் இதனை ஓர் ஆகுபெயர் என்றே நம் இலக்கணமுடையார் கொள்வர். இங்கே ஒன்றைச் சுட்டாது செல்ல மனம் ஒப்பவில்லை: சொல் தன் பொருளினின்று திரும்பிப் பிறிதொன்றைக் குறிக்கும் அணிவகைக்கு மேலைநாட்டார் இட்ட 'துரோப்' என்னும் பெயரும் இதே வேரினின்று வந்ததே. திரும்புதலைக் குறித்த சொல் தானே திரும்பிவிட்டது எனலாம்.

இனி 'அயனம்' என்பதை நோக்குவாம். இது வடசொல். செல்லுதல் என்னும் பொருளுடைய 'இ' என்னும் வினையடியிற் பிறந்து, செலவு, வழி என்னும் பொருள்களைத் தருவது. உத்தராயணம் வடசெலவு, தட்சிணாயனம் தென்செலவு. எனவே 'அயனம்' ஞாயிறு திரும்புதலை நேரே கூறுவதன்று. திரும்பிய பின் அது செல்லும் செலவையே கூறுவது. திரும்பும் இடத்தைக் குறிக்க வேண்டின் 'அயனாந்தம்' என்று கூறல் வேண்டும். நுணுகி நோக்கின் 'அயனமண்டலம்' கிரேக்கச் சொல்லின் சரியான மொழிபெயர்ப்பன்று. ஆயினும் கருத்துவகையால் அதன் உடன்பிறப்பு என்பதில் ஐயமில்லை. இரண்டும் விண்ணை நோக்கியே பெயரிடுகின்றன.

சிலர் 'அயனம்' என்பதைப் புலமையோர் சொல்லென்றும் மக்கள் அறியாச் சொல்லென்றும் ஒதுக்குவர். பெயரளவில் அது உண்மையாகலாம், பொருளளவில் உண்மையன்று. யாழ்ப்பாணத்து வீடுகளிலே ஆடி முதல்நாள் கூழும் கொழுக்கட்டையும் ஆக்குவது தென்செலவின் தொடக்கத்தைக் கொண்டாடுவதே. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்காக அந்நாளைப் பாடியமையை அறியாதார் நம்மிடையே குறைவு. தை முதல்நாள் தோட்டத்து இலயன்களின் வாசலிற் பொங்கும் பானை வடசெலவின் தொடக்கத்திற்குரியது. அம்புப்படுக்கையிற் கிடந்த வீடுமர் உயிர்விடுவதற்கு உத்தராயணத்தை எதிர்நோக்கிய கதை கூத்துக் கண்டவர்க்கெல்லாம் தெரிந்தது. அடுப்பிலும் அரங்கிலும் வாழ்கின்ற ஒரு கருத்தைப் பாடநூல் கடன்வாங்கியதே அன்றிப் புதிதாகப் படைக்கவில்லை.

இவ்விடத்து ஒரு சிக்கலையும் மறைத்தல் கூடாது. ஞாயிறு உண்மையில் தெற்கெல்லையினின்று திரும்புவது மார்கழி மாதத்து முதல் வாரத்தில், அதாவது டிசம்பர் 21, 22ஆம் நாளளவில். நாம் தைப்பொங்கல் இடுவதோ சனவரி 14 அல்லது 15. ஆடிப்பிறப்பும் அவ்வாறே சூன் 21ஐ விட்டு ஏறத்தாழ இருபத்தைந்து நாள் பிந்துகின்றது. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அயனாந்தப் புள்ளி விண்மீன்களுக்கிடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கின்றது. நம் பஞ்சாங்கம் விண்மீன்களைப் பற்றி நின்று மாதங் கணிப்பது. ஆதலின் ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒன்றாய் இருந்தவை இன்று இருபத்துநான்கு பாகையளவில் விலகியுள்ளன. இவ்விலகலுக்குச் சோதிடர் இட்ட பெயரும் 'அயனாம்சம்' என்பதே. கடகக்கோடு, மகரக்கோடு என்னும் பெயர்களுக்கும் இதே குறை உண்டு. அயனாந்தத்து ஞாயிறு இன்று கடக விண்மீன்களிடையேயும் இல்லை, மகர விண்மீன்களிடையேயும் இல்லை. பெயர்கள் பழைய வானத்தையே சுமந்து நிற்கின்றன. அதனால் அப்பெயர்கள் பிழையாகிவிடா. ஆயின் அயனமென்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் பொங்கல்நாளைச் சான்றுகாட்டும்போது இவ்விலகலையும் சேர்த்துக் கூறுதல் கடன்.

நம் அயல்மொழியாகிய சிங்களத்தின் நிலை இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வது. அங்கும் இரு சொற்கள் உள. 'நிவர்த்தன' என்பது ஒன்று. திரும்பி வருதல் என்னும் பொருளுடைய இவ்வடசொல் கிரேக்கச் சொல்லுக்கு அச்சொட்டான ஈடு. 'கர்ம கலாப்பய' என்பது மற்றையது. இதிலுள்ள 'கர்ம' வினையைக் குறிக்கும் கருமம் அன்று, வெப்பத்தைக் குறிக்கும் வேறு வடசொல். வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கத் 'தெர்மொஸ்' அதற்கு உறவுச்சொல். இந்தியிலும் 'உஷ்ண கடிபந்தம்', அதாவது சூட்டு அரைக்கச்சை, என்றே வழங்குகின்றனர். ஆகத் தமிழில் நேர்ந்த பிளவு தமிழுக்கே உரியதன்று. ஐரோப்பியரிடமிருந்து புவியியலைப் பெற்ற மொழிகள் அவர்களிடமிருந்த இரு மரபுகளையும் பெற்றன. எதை எடுப்பது என்பதிலேயே அவை வேறுபட்டன.

அவ்விரண்டாம் மரபு, சூட்டு மரபு, எத்தகையது? புவியை ஐந்து வலயங்களாகப் பிரித்தவர் பார்மெனிதீசு என்று பழைய நூலோர் கூறுவர். அரித்தோத்தில் நடுவலயத்தைச் சூட்டின் மிகுதியால் மாந்தர் வாழ இயலாதது என்று கொண்டார். இலத்தீன் மொழியிலே அது 'எரிந்த வலயம்' எனப் பெயர் பெற்றது. அங்குச் சென்று கண்டவர் இட்ட பெயரன்று இது. தம் நாட்டில் தெற்கே செல்லச் செல்லச் சூடு மிகுவதைக் கண்டு, அதனை நீட்டி நினைத்தவர் இட்ட பெயர். இலங்கையே இக்கொள்கைக்கு நெடுங்காலமாக மறுப்பாய் நின்றது. தொலமி தம் நூலில் 'தப்ரபேன்' என்னும் இத்தீவை உண்மையிலும் பன்மடங்கு பெரிதாக்கி நிலநடுக்கோட்டைத் தாண்டியும் நீட்டினார். அதில் ஊர்களையும் ஆறுகளையும் குறித்தார். எரிந்த வலயத்தில் ஊர்கள்! அளவிற் பிழைத்தவர் கருத்திற் பிழைக்கவில்லை.

கிரேக்கரிடையே மூன்றாவதாக ஒரு பெயரும் இருந்தது. அதனைப் பலர் மறந்துவிட்டனர். பொசிதோனியசு என்பார் வலயங்களை நிழலால் வகுத்தார் என்று சிதிராபோ எழுதுகின்றார். இரு அயனக்கோடுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தாரை அவர் 'இருபுற நிழலோர்' என்னும் பொருள்பட அழைத்தார். நண்பகலில் அவர்தம் நிழல் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கேயும் மறுபகுதியில் தெற்கேயும் விழும். கண்டியில் இதனை எவரும் ஒரு கோலை நட்டுக் காணலாம். நகரம் வடக்கு 7 பாகை 18 கலையில் இருத்தலால் ஏப்ரில் 8ஆம் நாளளவில், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னர், ஞாயிறு நேர் உச்சிக்கு வருகின்றது. கோலின் நிழல் கோலின் அடிக்குள் ஒடுங்குகின்றது. அன்றிலிருந்து செத்தெம்பர் 4ஆம் நாளளவு வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். எஞ்சிய ஏழு மாதமும் வடக்கே விழும். குளோதியசு மன்னன் காலத்தில் உரோமுக்குச் சென்ற தப்ரபேன் தூதர், அங்கு நிழல் வடக்கே விழுவதைக் கண்டு வியந்தனர் என்று பிளினி எழுதியிருத்தல் பலரும் அறிந்தது. தம் ஊரிலேயே ஏழு மாதம் வடக்கே நிழல் விழக் கண்டவர்கள் அதற்கு வியந்திருப்பாரோ என்பது நமது ஐயம். ஆண்டு முழுவதும் வடக்கே விழுவதைக் கேட்டு வியந்திருக்கலாம். அல்லது பிளினி தாம் கேட்டதைத் தம் நாட்டார்க்கு விளங்குமாறு திரித்திருக்கலாம். எவ்வாறாயினும் நிழலால் நிலத்தை அறிதல் சூட்டால் அறிதலினும் உறுதியானது என்பதற்கு அக்கதை சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே 'திரொப்பிக்கல்' என்னும் அடைமொழி புதியதொரு சுமையை ஏற்றது. அதன் வரலாற்றிற் கண்டிப் பகுதிக்குத் தனியிடம் உண்டு. பேராதனைப் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. 1881இல் கொழும்பிலே பேர்குசன் குடும்பத்தார் தொடங்கிய 'திரொப்பிக்கல் அகிரிகல்ச்சரிஸ்ட்' என்னும் இதழ் பிற்காலத்திற் பேராதனையின் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்தது. இவ்வழக்கில் அச்சொல் ஞாயிற்றையும் குறிக்கவில்லை, நிழலையும் குறிக்கவில்லை. கோப்பி, சிங்கோனா, தேயிலை, றப்பர் என்பன விளையக்கூடிய, ஐரோப்பியர் முதலிட்டு ஊதியம் பெறக்கூடிய நிலம் என்பதே அதன் பொருள். 1867இல் யேம்சு ரெயிலர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை இட்டதும், 1869இல் கோப்பியிலை நோய் தோன்றியதும், தமிழகத்திலிருந்து தொழிலாளர் காட்டுவழி நடந்து வந்ததும் இச்சொல்லின் நிழலிலேயே நிகழ்ந்தன.

ஆனால் அச்சொல்லைக் கையாண்டவர்களே அது போதாதென்பதைத் தம் செயலால் ஒப்புக்கொண்டனர். பேராதனையின் தட்பவெப்பத்தில் எல்லாப் பயிரும் வாரா என்று கண்டு, சிங்கோனாவுக்காக 1861இல் குளிர்மலையாகிய அக்கலையில் ஒரு பூங்கா அமைத்தனர். அமேசன் நாட்டு றப்பருக்காக 1876இல் தாழ்நிலமாகிய எனரத்கொடையில் மற்றொன்று அமைத்தனர். மூன்று பூங்காக்களும் ஒரே அயனத்தில், ஒரு பாகை வேறுபாடும் இல்லாத அகலக்கோடுகளில் உள்ளன. மூன்றின் வெப்பமும் வேறு. 'வெப்பமண்டலம்' என்று ஒரு பெயரால் மூன்றையும் அழைப்பது பூங்காக் காவலாளனும் ஒப்பாத ஒன்று.

வெப்பத்தைக் காரணமாக்கும் பெயர் நோயைப் பற்றிய சிந்தனையையும் கெடுக்கும். 1898இல் இலிவர்ப்பூலிலும் 1899இல் இலண்டனிலும் 'திரொப்பிக்கல்' மருத்துவக் கல்லூரிகள் எழுந்தபின் 'வெப்பமண்டல நோய்' என்பது தமிழிலும் புகுந்தது. சூட்டினால் வரும் நோய் என்றே கேட்பவர் கொள்வர். 1934-35இல் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரைக் கொண்ட மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை, குருநாகல், கண்டிப் பகுதிகளைத் தாக்கியமைக்குக் காரணம் சூடு அன்று. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மாவலி கங்கை முதலிய ஆறுகள் ஓட்டம் ஒழிந்து பாறையிடுக்கிற் குட்டைகளாய்த் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. என்றும் வெப்பம் மிக்க உலர்வலயத்தில் மக்கள் அந்நோயோடு பழகியிருந்தனர். பழகாத ஈரவலயத்திலேயே சாவு மிகுந்தது. நோயும் வெப்பமண்டலத்தின் இயல்பாய் என்றும் நிலைத்திருக்கவில்லை. அதே ஞாயிறு அதே உச்சியில் நிற்க, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது.

நம் முன்னோர் தம் நிலத்தைச் சூட்டு நிலமென்று கருதினரா என்னும் வினாவும் எழுகின்றது. தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுதுகள் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் வெப்பத்துக்குரியவை இரண்டே. ஒன்று மழைக்கு, ஒன்று குளிர்காற்றுக்கு, இரண்டு பனிக்கு. மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரியனவாகக் கூறப்பட்டவை கூதிரும் முன்பனியும். அவற்றில் வேனில் இல்லை. தன் ஆண்டை ஆறாகக் கூறுபடுத்தி அதில் மூன்றிலொரு பங்கையே வெயிலுக்கு அளித்த ஒரு மக்கட்கூட்டம் தன் நாட்டுக்கு 'வெப்பமண்டலம்' என்று தானே பெயரிட்டிராது. அப்பெயர் வடக்கே குளிர்நாட்டில் நின்று தெற்கே நோக்கியவன் பார்வை. அவனுக்கு அது உண்மை. நாம் அதனை நம் பெயராக ஏற்க வேண்டுவதில்லை. கண்டியரசிற் பத்தொன்பதாண்டு சிறைப்பட்டிருந்த இரொபேட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயர் தம் நூலில் (1681), ஒரு மலையின் ஒருபுறம் மழையும் ஈரமுமாய் இருக்க, மறுபுறம் வெறுங்காலால் மிதிக்கவொண்ணாச் சூடும் வறட்சியுமாய் இருந்ததை எழுதியுள்ளார். இங்கு வாழ்ந்தபின் அவர் கண்ணுக்கும் நிலத்தைப் பிரிப்பதாய்த் தோன்றியது மழையே. இன்றும் கண்டியிலிருந்து கிழக்கே திகன, தெல்தெனியப் பக்கம் செல்பவர் சில கல் தொலைவிலேயே ஈரவலயம் கழிந்து இடைவலயம் வருவதைக் காண்பர்.

இவ்வளவும் கூறியதால் 'அயனமண்டலம்' குற்றமற்ற சொல் என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளற்க. அச்சொல்லுக்கு எதிரான தடைகளுள் வலியது ஒன்றுண்டு. (அயனென்றால் நான்முகன் என்றோ, துணி அழுத்தும் பெட்டி என்றோ மாணவர் மயங்குவர் என்பது வகுப்பறை நகைப்புக்கே உதவும்.) வலிய தடை இது: அறிவியலாரே 'திரொப்பிக்கல்' என்பதை இருபொருளில் வழங்குகின்றனர். கெப்பென் வகுத்த காலநிலைப் பாகுபாட்டில், ஆண்டின் எல்லா மாதத்திலும் சராசரி 18 பாகைக்குக் குறையாத காலநிலையே அப்பெயர் பெறும். அவ்வளவுகோலால் கண்டி உள்ளே நிற்கும். நுவரெலியா புறத்தே தள்ளப்படும். ஆகவே 'அயனக் காலநிலை' என்று அதனை மொழிபெயர்த்து, 'நுவரெலியா அயனமண்டலத்தில் உள்ளது, ஆயின் அயனக் காலநிலை உடையதன்று' என்று எழுத நேரின், வெப்பமண்டலச் சொல்லில் நாம் கண்ட அதே முரண் நம் சொல்லிலும் வந்து நிற்கும். நம் பாடநூல்கள் இவ்விடத்துத் தெளிவாக இல்லை. அயனவலயத்துக்கு அடுத்ததை 'இடைவெப்ப வலயம்' என்று அவை அழைப்பதும் ஒவ்வாதது. முதலதை ஞாயிற்றாற் பெயரிட்டு, அடுத்ததைச் சூட்டாற் பெயரிட்டால் இரண்டையும் ஒப்பிடுவது எங்ஙனம்? இக்குறை ஆங்கிலத்திலேயே உள்ளது என்பர். உள்ளதுதான். பிறமொழியின் குறையையும் சேர்த்து மொழிபெயர்க்கும் கடப்பாடு நமக்கில்லை.

எனவே இரு சொற்களுள் ஒன்றைத் துரத்துவதை விடுத்து, இரண்டுக்கும் தனித்தனிப் பணி தருவதே தக்கது என்பது நமது முடிபு. இரு கோடுகளுக்கு இடைப்பட்ட நிலப்பரப்பைக் குறிக்குமிடத்து 'அயனமண்டலம்' என்க. கெப்பென் முறையில் வெப்பநிலையால் அளக்கப்படும் காலநிலையைக் குறிக்குமிடத்து 'வெப்பக் காலநிலை' என்க. அப்பொழுது 'நுவரெலியா அயனமண்டலத்தில் உள்ளது. அதன் காலநிலை வெப்பக் காலநிலையன்று' என்னும் வாக்கியம் முரணின்றிப் பொருள்தரும். நோய்களைப் பொறுத்தமட்டில் இரண்டையும் தவிர்த்து, நுளம்பால் வருவதை நுளம்பின் பெயராலும் நீரால் வருவதை நீரின் பெயராலும் அழைப்பதே நன்று.

எஞ்சியது 'மண்டலம்' என்னும் பின்னொட்டு. வட்டம் என்னும் பொருளுடைய அது நாட்டுப்பிரிவையும் குறித்து வந்தது. சோழர் இத்தீவை மும்முடிச்சோழமண்டலம் என்றமை காண்க. 'வலயம்' வளையலைக் குறிப்பது. புவியைச் சுற்றிய பட்டையைக் குறிக்க இதுவே வடிவாற் பொருந்துவது. உலர்வலயம், ஈரவலயம் என்று வழங்கும் நம் நாட்டு வழக்கோடும் அது இயையும். ஆயினும் 'அயனமண்டலம்' வழக்கில் வேரூன்றிவிட்டது. அதனை மாற்ற முயல்வது வீண்வேலை. எல்லையைக் குறித்த சொல் நிலத்தைக் குறிக்க வருவதும் நமக்குப் பழகியதே. 'சீமை' என்பது எல்லையைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. அதுவே நாடென்னும் பொருள் பெற்றது. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டோர் தாம் செல்லும் மலைநாடு முழுவதையும், கண்டி நகரைக் கண்டிராத போதும், 'கண்டிச்சீமை' என்றே அழைத்தனர். அவர்கள் வெயிலை விட்டுக் குளிருக்குச் சென்றவர்கள். அச்சொல்லில் வெப்பத்துக்கு இடமிருக்கவில்லை.